ரீகால் அறிவிக்கப்பட்ட காரை இரண்டாவது உரிமையாளருக்குச் சரிசெய்து தர மறுக்க முடியுமா?

கேள்வி: 2020-ல் தயாரான பெட்ரோல் கார் ஒன்றை அதன் முதல் உரிமையாளரிடமிருந்து 6,40,000 ரூபாய்க்கு வாங்கி, ஆர்.சி.யை முறைப்படி என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். சில மாதங்களுக்கு முன் நெடுஞ்சாலையில் கார் திடீரென்று நின்றுவிட்டது. ஆல்டர்னேட்டரிலிருந்து (கார் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) வரும் வயரிங் இணைப்பு சூடேறி உருகிவிட்டதாகச் சொன்ன உள்ளூர் மெக்கானிக், ஆல்டர்னேட்டரையும் வயரிங்கில் ஒரு பகுதியையும் மாற்றித் தந்தார். 27,500 ரூபாய் செலவானது. பிறகுதான் அதே வயரிங் குறைபாட்டுக்காக என் கார் மாடலுக்கு நிறுவனம் ரீகால் (குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருவது) அறிவித்திருப்பது தெரிந்தது. சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்த்ததில் என் காரும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சர்வீஸ் சென்டரில், நான் இரண்டாவது உரிமையாளர் என்றும், வெளி மெக்கானிக் கைவைத்த வண்டி என்றும் கூறி மறுக்கிறார்கள். வற்புறுத்திக் கேட்டால், உதிரிபாகம் வர இரண்டு மாதமாகும் என்கிறார்கள். இலவசமாக மாற்றிக்கொள்ளவும், செலவழித்த பணத்தைத் திரும்பப் பெறவும், புதிய கார் கேட்கவும் எனக்கு உரிமை உண்டா? அதுவரை காரை ஓட்டலாமா? பேசாமல் விற்றுவிடலாமா?
— சேலம் மாவட்ட வாசகர்

பதில்: சர்வீஸ் சென்டர் சொன்ன இரண்டு காரணங்களும் ரீகால் பணியை மறுப்பதற்குப் போதுமானவை அல்ல. ரீகால் என்பது சேசிஸ் எண்ணால் அடையாளம் காணப்படும் வாகனத்துக்கு உரியது. அந்த வாகனம் இன்று யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. குறைபாடுள்ள வயரிங், முதல் உரிமையாளர் ஓட்டினாலும் நீங்கள் ஓட்டினாலும் ஒரே மாதிரிதான் சூடேறும். அதனால் வரும் ஆபத்து உள்ளே இருப்பவர்களுக்கும் சாலையில் எதிரே வருபவர்களுக்கும் சேர்த்தே ஏற்படுகிறது. நிறுவனத்தின் கடிதம் உங்களுக்கு வராமல் போனதற்கு, அவர்களுடைய பதிவேட்டில் பழைய உரிமையாளரின் முகவரி இருந்ததே காரணமாக இருக்கலாம். அது உங்கள் உரிமையைக் குறைக்காது.

இதன் சட்ட அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 110-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு வகை வாகனத்தில் உள்ள குறைபாடு ஓட்டுநருக்கோ, பயணிகளுக்கோ, சாலையைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடியதாக இருந்தால், அவற்றைத் திரும்பப் பெறுமாறு தயாரிப்பாளருக்கு ஆணையிட இப்பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. குறைபாடு ஓர் உதிரிபாகத்தில் இருந்தால், அந்தப் பாகம் பொருத்தப்பட்ட எல்லா வாகனங்களையும், மாடல் எதுவாக இருந்தாலும், திரும்பப் பெறச் சொல்லலாம். இதற்கான நடைமுறையை மத்திய மோட்டார் வாகன விதிகளில் 127-சி விதி வகுத்துள்ளது. அது 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அரசு ஆணையிட்டுக் கட்டாய ரீகால் செய்யவைத்தால் நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. நிறுவனமே குறைபாட்டைக் கண்டறிந்து அரசுக்குத் தெரிவித்து ரீகாலைத் தொடங்கினால் அந்த அபராதம் இல்லை. இந்தியாவில் நாம் கேள்விப்படும் ரீகால்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. உங்கள் காருக்கு வந்திருப்பதும் அதுவே என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

தானாக முன்வந்து செய்யும் ரீகால் என்பதால், விரும்பியவருக்குச் செய்து கொடுத்து மற்றவரைத் திருப்பி அனுப்பலாம் என்று பொருளாகாது. குறிப்பிட்ட சேசிஸ் எண்களைக் கொண்ட வாகனங்களில் பாதுகாப்புக் குறைபாடு இருக்கக்கூடும் என்று பகிரங்கமாக அறிவித்துவிட்டு, அந்தப் பட்டியலில் உள்ள ஒரு வாகனத்தைச் சரிசெய்ய மறுப்பதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாடாகவே நான் கருதுகிறேன். எதிர்த்தரப்பு ஒரு வாதத்தை எழுப்பக்கூடும்: நீங்கள் நிறுவனத்திடம் நேரடியாகப் பணம் கொடுத்து வாங்கியவர் அல்ல, ஆகவே நுகர்வோர் அல்ல என்பார்கள். சட்டத்தின் 2(7) பிரிவு, பொருளை விலைக்கு வாங்கியவரோடு, அவருடைய ஒப்புதலுடன் அதைப் பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என்ற விளக்கத்துக்குள் கொண்டுவருகிறது. முதல் உரிமையாளர் உங்களுக்கு எழுதிக் கொடுத்த விற்பனை ஒப்பந்தம், உங்கள் பெயருக்கு மாறிய ஆர்.சி., கிடைக்குமானால் அவர் வாங்கியபோது பெற்ற இன்வாய்ஸின் நகல் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவரோடு இன்னும் தொடர்பில் இருந்தால், ரீகால் பணியை நீங்கள் கோருவதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்வது இந்த வாதத்தின் வலுவைப் பெருமளவு குறைத்துவிடும்.

வெளி மெக்கானிக் கைவைத்தார் என்ற இரண்டாவது காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வாரன்டி நிபந்தனைகளில் இத்தகைய கட்டுப்பாடு இருக்கலாம். ஆனால் ரீகால் என்பது வாரன்டியின் நீட்சி அல்ல. வாரன்டி முடிந்துபோன வண்டிக்கும் பாதுகாப்புக் காரணத்துக்காகச் செய்யப்படுவது. மெக்கானிக் ஆல்டர்னேட்டரை மாற்றியதால், மீதமுள்ள வயரிங்கில் நிறுவனமே ஒப்புக்கொண்ட குறைபாடு மறைந்துவிடவில்லை. அதே சமயம், கூடுதல் விளக்குகள், உயர்சத்த ஹாரன், மியூசிக் சிஸ்டம் போன்றவற்றை வயரை வெட்டிப் பொருத்தியிருந்தால், குறைபாட்டுக்கு அதுவே காரணம் என்று சொல்வார்கள். பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு வழக்கு (குறைபாடுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு) தொடர முடியாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவும் கூறுகிறது. அப்படி ஏதேனும் பொருத்தியிருந்தால் அதை மறைக்காமல் உங்கள் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து 27,500 ரூபாய். அதைப் பெறுவது முடியாததல்ல, ஆனால் முழுக்க முழுக்க ஆதாரத்தைப் பொறுத்தது. ரீகால் அறிவிப்புகளின் வாசகத்தைக் கவனித்துப் படித்தால், குறைபாடு "இருக்கக்கூடும்" என்றும், "முன்னெச்சரிக்கையாக" என்றும் எழுதியிருப்பார்கள். உங்கள் கார் நெடுஞ்சாலையில் நின்றதற்கு அந்தக் குறைபாடே காரணம் என்பதை அந்த அறிவிப்பு மட்டும் நிரூபித்துவிடாது. அதை நிரூபிக்கக்கூடியது, உருகிப்போன அந்த இணைப்புதான். மெக்கானிக்கின் பட்டறையில் அது இன்னும் இருந்தால், இதைப் படித்து முடித்தவுடன் போய் வாங்கிவந்து, பாக எண் தெரியும்படி படமெடுத்து, உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையம் குறைபாடுள்ள பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு வழி செய்கிறது. சோதிக்கப் பொருளே இல்லாமல் தோற்றுப்போகும் வழக்குகளைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்படுகிறது. மெக்கானிக்கிடமிருந்து தேதி, சேசிஸ் எண், கிலோமீட்டர் அளவு, கண்ட பழுது, மாற்றிய பாகங்கள், கையொப்பம் ஆகியவற்றுடன் பில்லைப் பெறுங்கள். பணத்தை யு.பி.ஐ. மூலம் அனுப்பியிருந்தால் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்து வையுங்கள். இவற்றோடு, ரீகால் பற்றித் தெரியும் முன்பே அதே பழுதுக்குச் செலவு செய்தவன் என்ற அடிப்படையில் தொகையைத் திருப்பித் தருமாறு முதலில் நிறுவனத்தின் தலைமை அலுவலக வாடிக்கையாளர் பிரிவுக்கே எழுதுங்கள். சர்வீஸ் சென்டர் மேலாளருக்கு இதில் முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருப்பதில்லை.

இந்தத் தொகையைக் கோரும்போது, எந்த வகை வழக்கு என்பதில் தவறிவிடக் கூடாது. 2019 சட்டம் கொண்டுவந்த "பொருள் பொறுப்பு" என்ற ஏற்பாட்டில், தயாரிப்புக் குறைபாட்டால் நேர்ந்த தீங்குக்கு, கவனக்குறைவை நிரூபிக்காமலேயே தயாரிப்பாளரிடம் இழப்பீடு பெற 84-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் "தீங்கு" என்பதற்கு 2(22) பிரிவு தரும் விளக்கத்தில், அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதமும் வணிக அல்லது பொருளாதார இழப்பும் சேராது. காயமோ உயிரிழப்போ, காரைத் தவிர்த்த பிற சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டிருந்தால்தான் அந்த வழி உங்களுக்குப் பயன்படும். கெட்டுப்போன வயரிங்குக்கான செலவை, "பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு" என்ற வழக்கமான புகாரின் கீழ்தான் கேட்க வேண்டும். புகாரில் தயாரிப்பாளரையும் மறுத்த சர்வீஸ் சென்டரையும் இரண்டு எதிர்த்தரப்பினராகச் சேர்த்துவிடுங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் பொறுப்பைத் தள்ளிவிடுவார்.

புதிய கார் கேட்பதைப் பற்றி உங்களுக்கு நம்பிக்கை ஊட்டுவது நேர்மையாகாது. மாற்றக்கூடிய ஒரு பாகத்தில் குறைபாடு இருந்தால், முழு வாகனத்தையும் மாற்றித் தர உத்தரவிட வேண்டியதில்லை என்று மாருதி உத்யோக் - சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. 110-ஏ பிரிவிலும் விலையைத் திருப்பித் தருதல், மாற்று வாகனம் தருதல், பழுது நீக்குதல் ஆகிய மூன்றும் சொல்லப்பட்டிருக்கின்றனவே தவிர, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாகன உரிமையாளருக்குக் கொடுக்கப்படவில்லை. மறுபக்கம், விபத்தில் காற்றுப்பைகள் விரியாததால் ஒருவர் காயமடைந்த வழக்கில், இழப்பீட்டோடு வாகனத்தையும் மாற்றித் தர வேண்டும் என்ற உத்தரவை ஹூண்டாய் மோட்டார் - ஷைலேந்திர பட்நாகர் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பாதுகாப்பு அம்சமே செயலிழந்து மனிதருக்குக் காயம் நேர்ந்ததுதான் அங்கே நிலைமையை வேறாக்கியது. உங்கள் வழக்கில் வயரிங்கை மாற்றியும் கார் மீண்டும் மீண்டும் நின்றால் அப்போது இந்தக் கோரிக்கையை எழுப்பலாம்.

அதுவரை ஓட்டலாமா என்ற கேள்விதான் என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானது. தயவுசெய்து ஓட்டாதீர்கள். உருகும் அளவுக்குச் சூடேறும் மின் இணைப்பு ஓடும் காரை நிறுத்துவதோடு நில்லாமல் தீப்பிடிக்கவும் வைக்கலாம். சட்டரீதியாகவும், ஆபத்தான குறைபாடு இருப்பது தெரிந்தே பொது இடத்தில் வாகனத்தை ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி குற்றம். அதனால் விபத்து நேர்ந்து யாருக்கேனும் காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. காப்பீட்டிலும் சிக்கல் வரும். வழக்கமான கார் பாலிசியில் தீ விபத்தும் தானாகத் தீப்பற்றுவதும் அடங்கும், ஆனால் மின்பழுது தனியாக அடங்காது. பழுது நீக்காமல் தொடர்ந்து ஓட்டியதால் அதிகரிக்கும் சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்ற நிபந்தனையும், வாகனத்தைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கின்றன. ரீகால் தெரிந்த பிறகும் ஓட்டினார் என்பது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கையில் வலுவான ஆயுதமாகும்.

எனவே இரண்டு மாதக் காத்திருப்பை வாய்மொழியாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். காரை இழுத்துச் செல்லும் வண்டியில் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய், ரீகால் பணிக்கென்று ஜாப் கார்டு (செய்ய வேண்டிய பணியைப் பதியும் சீட்டு) போடச் சொல்லுங்கள். மறுத்தால் மறுப்பை மின்னஞ்சலில் தருமாறு கேளுங்கள். அதுவும் தரவில்லை என்றால், நடந்ததை நீங்களே அன்றைய தேதியிட்டு நிறுவனத்துக்கும் சர்வீஸ் சென்டருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். உதிரிபாகம் எப்போது வரும், அதுவரை காரை ஓட்டுவது பாதுகாப்பானதா, இல்லையென்றால் மாற்று வாகனமோ அன்றாடப் பயணச் செலவோ தருவார்களா என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். பாதுகாப்பானது என்று எழுதித் தர எந்த நிறுவனமும் தயங்கும். அந்தத் தயக்கமே பணியை விரைவுபடுத்துவதை நான் கண்டிருக்கிறேன். பணி முடிந்து காரை எடுக்கும்போது, "திருப்தி" என்று அச்சிட்ட தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். "முன்செய்த செலவுக்கான என் கோரிக்கையை விட்டுக்கொடுக்காமல்" என்று கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ரீகாலோடு சேர்த்து வேறு சர்வீஸ்களுக்குப் பில் போட்டால், நீங்கள் கேட்காதவற்றுக்குப் பணம் தர வேண்டியதில்லை.

இவற்றுக்குப் பலன் இல்லை என்றால், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து நிறுவனத்துக்கும் சர்வீஸ் சென்டருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அதில் செலவு இல்லை. பிறகு, நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை இருந்தால் கட்டணம் 200 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அதை ரீகால் அறிவிப்புத் தேதியிலிருந்து கணக்கிடலாம் என்ற வாதத்துக்கு இடம் இருந்தாலும், பாதுகாப்பாக, மெக்கானிக்குக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். இதற்கிடையில் மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் உள்ள வாகன ரீகால் பகுதியிலும் உங்கள் அனுபவத்தைப் பதியுங்கள். மேலே சொன்ன ரீகால் விதிகள், தயாரான நாளிலிருந்து ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே பொருந்தும் என்பதால், 2020 மாடலை வைத்திருக்கும் நீங்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாக, விற்றுவிடுவது. குறைபாட்டைச் சொல்லாமல் விற்றீர்களானால், தெரிந்த உண்மையை மறைத்தது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி மோசடியாகக் கருதப்பட்டு, வாங்கியவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்ய இடமளிக்கும். அவருடைய குடும்பம் அந்தக் காரில் பயணம் செய்யும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ரீகால் பணி முடிந்து, அதற்கான ஜாப் கார்டின் நகலைக் கையில் வாங்கிய பிறகு, வாங்குபவரிடம் அதைக் கொடுத்து, ஒப்பந்தத்திலும் ஒரு வரி எழுதி விற்பதில் எந்தத் தடையும் இல்லை.