நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு எந்த ஆங்கிலப் பாடல்கள் பிடிக்கின்றன, ஏன்?

எனக்கு 49 வயது. கல்லூரி நாளிலிருந்தே ஆங்கிலப் பாட்டுக் கேட்கிறேன். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் முதலில் வரும் பதில் குளோரியா கேய்னரின் 'ஐ வில் சர்வைவ்'. அதில் தப்பே இல்லை. 1978-இல் இசைத்தட்டின் பின்பக்கத்துப் பாட்டாக வந்தது அது. டிஸ்கோ கிளப்களில் தட்டைத் திருப்பிப் போட்டுப் போட்டே, மறுவருஷம் அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மேடையில் விழுந்து, முதுகெலும்பில் அறுவை சிகிச்சை ஆகி, முதுகுப்பட்டை போட்டுக்கொண்டு அவர் பாடிய பாட்டு. ஆறுதல் தேடும் குரலே அல்ல அது, எழுந்து நிற்கிற குரல்.

டீனா டர்னரையும் சொல்லாமல் விடமுடியாது. அடித்துக் கொடுமைப்படுத்திய கணவரை விட்டு 1976-இல் வெளியேறியபோது அவர் கையில் இருந்தது 36 சென்ட் என்று அவரே சொல்லியிருக்கிறார். 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்' 1984-இல் முதலிடம் பிடித்தபோது அவருக்கு வயது 44. குழந்தைகள் வளர்ந்த பிறகு திரும்ப வேலைக்குப் போகலாமா என்று வாயெடுத்தாலே, "இனிமே உனக்கு எதுக்கு?" என்று கேட்பார்களே, அந்த வயது. ஷேர் 'பிலீவ்' பாடலைப் பாடும்போது 50 தாண்டியிருந்தார்.

இவையெல்லாம் தெம்பு தரும் பாட்டுகள். ஆனால் நடுவயதில் நமக்கு வேண்டியிருப்பது தெம்பு மட்டும்தானா? சொல்ல வாய் வராத ஒரு வருத்தம் இருக்கிறது. அதைத் தெரிந்து பாடியவர்களைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

ஆபா குழுவின் 'ஸ்லிப்பிங் த்ரூ மை ஃபிங்கர்ஸ்' 1981-இல் வந்தது. பள்ளிக்கூடப் பையோடு கையசைத்துவிட்டுப் போகும் மகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தாயின் பாட்டு. வரிகளை எழுதியவர் குழுவில் ஒருவரான பியோன் உல்வேயஸ், தன் சொந்த மகளை நினைத்து எழுதினார். பாடியவர் அந்தக் குழந்தையின் அம்மா அக்னேத்தா. அதற்குள் இருவரும் பிரிந்துவிட்டிருந்தார்கள். என் மகள் வெளியூரில் படிக்கப் போய் இரண்டு வருஷமாகிறது. காலை ஏழு பத்துக்கு எதிர்வீட்டுக் குழந்தைக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது இன்னும் என் கை தன்னால் அடுப்பைச் சிம்மில் வைக்கிறது. வாசல்வரை போய்விட்டு, யாரை ஏற்றிவிட வந்தேன் என்று நின்றிருக்கிறேன். அந்தப் பாட்டில் இருப்பது அவ்வளவும் இதுதான். அந்தக் காலைகளில் அவசரமாகத் தலை வாரிவிட்டோமே தவிர, முகத்தைப் பார்த்தோமா என்ற ஏக்கம்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் மேலே ஜோனி மிட்செலின் 'போத் சைட்ஸ் நவ்'. விமானத்தில் போகும்போது ஜன்னல் வழியே மேகங்களைப் பார்த்து அவர் எழுதியது, வெறும் 23 வயதில். மேகம், காதல், வாழ்க்கை மூன்றையும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன், ஆனாலும் எதுவும் புரிந்தபாடில்லை என்பதுதான் பாட்டு. 1969-இல் கிதாரோடு பாடியதில் குரல் மெலிசாக, உயரத்தில் போகிறது. அழகுதான். ஆனால் ஒரு சின்னப் பெண் பெரிய வார்த்தைகளைப் பேசுவது மாதிரி இருக்கும் எனக்கு. அதே பாட்டை 2000-இல் பெரிய வாத்தியக் குழுவோடு மறுபடி பாடினார். பல வருஷச் சிகரெட்டில் குரல் தாழ்ந்து, கரகரத்து, மேல்ஸ்தாயியே போய்விட்டது. ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பதுபோல நிதானமாகப் பாடுகிறார். ஒரு வரி மாறவில்லை. இப்போது ஒவ்வொன்றும் உண்மை.

'லவ் ஆக்சுவலி' படத்தில் எம்மா தாம்சன் அழும் காட்சியில் வருவது இந்தப் பதிவுதான். கணவரின் கோட்டுப் பையில் பார்த்த சங்கிலி தனக்கு இல்லை என்று தெரிந்ததும் படுக்கையறைக்குள் போய், சத்தமில்லாமல் அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலையாத படுக்கை விரிப்பைக் கையால் நீவிச் சரிசெய்துவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்பிப் போவார். வசனமே கிடையாது. அந்த நீவுகிற கையை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். என் அம்மாவிடமும்.

2015-இல் மூளையில் ரத்தக்குழாய் வீங்கி ஜோனி படுத்துவிட்டார். நடப்பதையும் பாடுவதையும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. 2022-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் இசை விழா மேடையில் நாற்காலியில் உட்கார்ந்து இதே பாட்டைப் பாடினார். பக்கத்தில் இருந்த பாடகிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வது வீடியோவில் தெரியும்.

நீங்கள் கேட்பதானால் முதலில் 1969 பதிவு, உடனே 2000 பதிவு. இயர்போனில் கேளுங்கள், அடுப்பில் எதையும் வைத்துவிட்டு உட்காராதீர்கள்.