ஆட்காட்டியும் குஞ்சுகளும்: வெளிச்சம் பற்றி

வணக்கம். யாழ்ப்பாணத்து அராலி வெளியில் முற்பகல் 11 மணிக்கு எடுத்த படத்தில் தாய் ஆட்காட்டிப் பறவையின் வெள்ளை வயிறு வெளிறி, குஞ்சுகள் இருண்டுபோனதாக எழுதியிருந்தீர்கள். கமராவில் பிழையில்லை, நேரந்தான் பிழை. எங்கள் பக்கத்தில் சூரியன் விரைவாக உச்சிக்கு ஏறிவிடுவதால், அது உதித்து ஒரு மணித்தியாலத்துக்குள், வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கமிருந்து வரும்படி நிலத்தோடு படுத்து, குஞ்சின் கண்மட்டத்தில் எடுங்கள். வெள்ளை இறகு வெளிறாதவாறு ஒளியளவைச் சற்றுக் குறைத்து, ஷட்டர் வேகத்தை 1/1000 வினாடியில் வையுங்கள். தாய் குஞ்சுகளை அணைத்திருக்கையில் இறகுக்குக் கீழே சின்னக் கால்கள் மட்டும் தெரியும். அதற்காக எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம். (ஆணும் பெண்ணும் ஒன்றுபோலிருப்பதால், தாயென்று நாம் நினைப்பது தகப்பனாகவும் இருக்கக்கூடும்.) அது கத்திக்கொண்டு தலைக்கு மேல் சுற்றினால் குஞ்சுகள் அசையாமல் பதுங்கிவிடும், நிழலின்றி அவை வெயிலில் கிடக்காதபடி உடனே விலகிவிடுங்கள்.