கையால் சுற்றும் கடலை உடைப்பான்: பருப்பு ஏன் நொறுங்குகிறது?

கேள்வி இதுதான்: குறைந்த செலவில் நிலக்கடலை உடைப்பான் செய்ய வேண்டும், ஆனால் பாதிப் பருப்பு பிளந்து வருகிறது.

மோட்டார் பற்றி யோசிக்கும் முன் இடைவெளியைக் கவனியுங்கள். மாலி நாட்டுக் கிராமத்துக்காக ஜாக் பிராண்டிஸ் உருவாக்கிய சிமெண்ட் உடைப்பானில் ஒரு கூம்பு உருளை, அதைச் சுற்றி நிற்கும் வெளிக்கூடு, நடுவில் இரும்புத் தண்டு, ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். மேலே பெரிய காய் நுழையும் அகலம். கீழே போகப் போகக் குறுகி, பருப்பு மட்டும் நழுவும் அளவு. உருளைக்கும் கூட்டுக்கும் நடுவில் உரசித்தான் காயின் ஓடு வெடிக்கிறது. தண்டின் நட்டைத் திருகி உருளையை ஏற்றி இறக்கினால் இடைவெளி மாறும். வெர்னியர் காலிப்பரில் உங்கள் ரகத்தின் இருபது பருப்பையாவது அளந்துவிட்டு அந்த இடைவெளியை வையுங்கள்.

முழுக் காயும் நொறுங்கிய பருப்பும் ஒன்றாக விழுந்தால், பெரும்பாலும் தண்டு மையத்தில் இல்லை: ஒரு பக்கம் இறுக்கம், எதிர்ப்பக்கம் தொளதொளப்பு. உருளையில் சாக்பீஸ் பூசிச் சுற்றுங்கள், உரசும் இடம் தெரிந்துவிடும். வார்க்கும்போதே தண்டு அசையாமல் பிடித்திருக்க வேண்டும்; பிறகு சரிசெய்வது வீண் வேலை. சலித்த மணல் சேர்த்த சிமெண்ட் கலவையில் வார்த்து, குறைந்தது ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். அவசரப்பட்டால் மணல் உதிர்ந்து பருப்போடு வரும்.

மையம் சரியாக இருந்தும் பருப்பு பிளந்தால் காய் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஈரக்காயின் ஓடு வெடிக்காமல் நசுங்கும். அதிகம் காய்ந்ததில் பருப்பே இரண்டாகும். பல அளவுக் காய்களைச் சலித்துப் பிரிக்காமல் கொட்டினாலும் இதே கதைதான். உடைந்த ஓடுகளைப் பிரிக்க விசிறி வேண்டாம், முறம் போதும்.