வேல்ஸில் பூர்வீக வீடும் கல்லறையும்: ஜோன்ஸைத் தேடாதீர்கள், பண்ணையைத் தேடுங்கள்

கேள்வி: என் கணவரின் கொள்ளுத்தாத்தா வேல்ஸில், கார்டிகன்ஷயரில் விவசாயம் செய்தவர். ஜோன்ஸ் குடும்பம். 1890களில் இறந்தார் என்பது மட்டும்தான் தெரியும். நான்கு நாள் பயணத்தில் அவர் வாழ்ந்த வீட்டையும் கல்லறையையும் பார்க்க முடியுமா? எப்போது போவது நல்லது?

பதில்: முடியும். ஆனால் அந்த நான்கு நாளில் தேடலில் இறங்காதீர்கள். தேடலை இங்கேயே முடித்துவிட்டு, அங்கே பார்க்க மட்டும் போங்கள்.

ஜோன்ஸ் என்ற பெயரால் பெரிய பயன் இல்லை. நம் இனிஷியல் மாதிரி தகப்பன் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் மேற்கு வேல்ஸ் கிராமங்களில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இருந்தது. அது நிலையான குடும்பப் பெயராக மாறியபோது ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களே மிஞ்சின. அதனால் ஊரார் ஆளை அடையாளம் சொன்னது பண்ணைப் பெயரை வைத்துத்தான். உங்களுக்கு வேண்டியவை இரண்டு: பண்ணைப் பெயர், அது இருந்த பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குள் வரும் ஊர்ப்பகுதி).

அரசுப் பதிவு அங்கே 1837 ஜூலை 1இல் தொடங்கியது. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் இறந்தவரின் வயதும் இருக்கும்; அதை வைத்துப் பல ஜோன்ஸ்களைக் கழித்துவிடலாம். பிறகு இறப்புச் சான்றிதழை வாங்குங்கள். இறந்த இடமும், தகவல் கொடுத்தவரின் பெயரும் முகவரியும் அதில் வரும். தகவல் கொடுத்தவர் பெரும்பாலும் மகனோ மகளோதான். அடுத்து 1881, 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: பண்ணைப் பெயர், பாரிஷ், பிறந்த ஊர் மூன்றும் அதில் கிடைக்கும். 1813 முதல் தேவாலய அடக்கப் பதிவேடு அச்சிட்ட படிவத்தில் இருக்கிறது. அதில் வசிப்பிடத்துக்கு ஒரு பத்தி உண்டு. கல்லறை எந்த இடத்தில் என்பது மட்டும் அதில் இருக்காது.

இங்கே பலர் சறுக்குவது ஊர்ப்பெயரில். லான்விஹாங்கெல் என்றால் புனித மிக்கேல் தேவாலயம். கார்டிகன்ஷயரிலேயே லான்விஹாங்கெல் அஸ்ட்ராட், லான்விஹாங்கெல் அ க்ரைதின், லான்விஹாங்கெல் கெனைர் க்ளின் என்று பல உண்டு. முழுப் பெயர் கிடைக்கும் வரை விடுதி பதிவு செய்யாதீர்கள். சான்றிதழில் நியூகாஸில் எம்லின் என்று இருந்தால் அது பதிவு மாவட்டத்தின் பெயர். அந்த மாவட்டம் மூன்று கவுண்டிகளில் (கார்டிகன்ஷயர் போன்ற பெரிய பகுதிகளில்) பரவிக் கிடந்தது.

பண்ணைப் பெயர் கிடைத்ததும் வேல்ஸ் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் 1840ஐ ஒட்டிய டைத் வரி (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்று தேவாலயத்துக்குக் கட்டியது) வரைபடங்களைப் பாருங்கள், இலவசம்தான். பெரும்பாலும் ஒவ்வொரு வயலுக்கும் எண், உரிமையாளர், பயிரிட்டவர், பரப்பு எல்லாம் இருக்கும். அந்த இடத்தைப் பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதில் வேலிக்கோடுகள்கூட இருக்கும். கிராமப்புறத்தில் ஒரே அஞ்சல் குறியீட்டில் பல பண்ணைகள் வரும் என்பதால் ஜிபிஎஸ்ஸை நம்பினால் அடுத்தவர் முற்றத்தில் போய் நிற்பீர்கள். சிக்னலும் பல இடங்களில் கிடைக்காது. வரைபடத்தைத் தரவிறக்கி வையுங்கள்.

வீட்டுக்காரருக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் எழுதுங்கள், குடும்ப மரத்தின் ஒரு பக்கப் பிரதியோடு. திடீரென்று போய்க் கதவைத் தட்டுவது அங்கே எடுபடாது. வாசல் வரை போகும் பண்ணைப் பாதை தனியாருடையதாக இருக்கலாம். வரைபடத்தில் பச்சைக் கோடு போட்ட நடைபாதை என்றால் தாராளமாக நடக்கலாம். நீங்கள் திறந்த கேட்டை நீங்களே மூடிவிட்டு வாருங்கள். காரைக் கேட்டின் குறுக்கே நிறுத்தாதீர்கள். பழைய வீடு இடிபாடாகவோ மாட்டுக்கொட்டகையாகவோ மாறியிருந்தால் ஏமாற வேண்டாம், அதுவே அசல் வீடாக இருக்கலாம். வேல்ஸின் பழைய கட்டடங்களைப் பட்டியலிடும் கோவ்லைன் என்ற இணையத் தரவுத்தளத்தில் அந்தக் கட்டடம் பதிவாகியிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

கல்லறை விஷயத்தில், குடும்பம் எந்தச் சபையைச் சேர்ந்தது என்பது முக்கியம். 19ஆம் நூற்றாண்டு வேல்ஸில் பெரும்பாலோர் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேராத சேப்பல்காரர்கள் (சேப்பல் என்பது அவர்களின் தனிச் சபை ஆலயம்). ஆனால் எல்லாச் சேப்பலுக்கும் சொந்த இடுகாடு கிடையாது. 1880 அடக்கச் சட்டத்துக்குப் பிறகு அவர்களின் போதகரே பாரிஷ் இடுகாட்டிலும் அடக்கம் நடத்தலாம் என்று ஆனது. ஆகவே இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். மூடி விற்கப்பட்ட சேப்பல் இன்று யாரோ ஒருவரின் வீடாக இருக்கலாம், அங்கேயும் கடிதம்தான். உள்ளூர்க் குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் கல்லறை வாசகங்களைப் பிரதி எடுத்து வைத்திருக்கின்றன. அதை முதலில் வாங்கினால் அரை நாள் மிச்சம். எதிலும் பெயர் இல்லையென்றால், ஏழைகளுக்குக் கல் நட வசதி இருந்ததில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வாசகம் பெரும்பாலும் வெல்ஷ் மொழியில் இருக்கும். ‘எர் கோவ் அம்’ என்றால் நினைவாக. ‘பீ வாரூ’ இறந்தார். மார்ச், மே, ஜூன், செப்டம்பர் நான்கும் வெல்ஷில் ‘ம’ ஒலியில் தொடங்குபவை. கல் தேய்ந்து முதல் எழுத்து மட்டும் தெரிந்தால் மாதத்தை ஊகிக்காதீர்கள். ‘ஓ’ என்ற சிறு சொல்லுக்குப் பின்னால் வருவது ஊரோ பண்ணையோ. ஆனால் அதன் முதலெழுத்து மாறிவிடும்: மைஸ்மாவர் ‘வைஸ்மாவர்’ ஆகும், க்ளான்ரிட் ‘லான்ரிட்’ ஆகும். கல்லில் உள்ளபடியே வரைபடத்தில் தேடினால் கிடைக்காது.

எழுத்து மங்கலாக இருந்தால் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள், அல்லது கண்ணாடியால் வெயிலைச் சாய்வாகத் திருப்புங்கள். நிழல் விழுந்ததும் எழுத்து எழும்பி வரும். ஷேவிங் நுரை, சாக்பீஸ், கம்பி பிரஷ் மூன்றும் வேண்டவே வேண்டாம். ஐவி கொடியைப் பிய்த்தால் கல்லின் மேல் தோலும் கூடவே உரிந்து வரும். ஸ்லேட் கல் ஏடு ஏடாகப் பிரியும். சாய்ந்த கல்லின் மேல் கை ஊன்றாதீர்கள்.

காலம்? மார்ச், ஏப்ரலில் புல் குறைவு, கல்லறைக்கு நல்லது. ஆனால் அப்போது ஆடுகள் குட்டி போடும், பண்ணைக்காரருக்குத் தலைக்கு மேல் வேலை. கோடையில் காட்டுப் பூக்களுக்காகப் பல இடுகாடுகளில் புல்லை வெட்டாமல் விடுவார்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை இரண்டுக்கும் தோது. தேவாலயம் பூட்டியிருக்கலாம்; ஒரே குருவானவர் பல ஆலயங்களைப் பார்க்கிறார். சாவிக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

முதல் நாள் பயணக் களைப்புக்கு, இரண்டாம் நாள் பண்ணைக்கு, மூன்றாம் நாள் இடுகாடுகளுக்கு. அபரிஸ்ட்வித்தில் உள்ள தேசிய நூலகத்தைப் பலர் முதல் நாளில் வைப்பார்கள். கடைசி நாளில் வையுங்கள், கேள்விகள் பிறப்பது கல்லைப் பார்த்த பிறகுதான். உங்கள் ஜோன்ஸ் குத்தகைக்காரராக இருந்து, நிலம் நான்டியோஸ், கோகெர்தன், ட்ராஸ்கோட் எஸ்டேட்களில் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தால், அந்த எஸ்டேட் ஆவணங்கள் அங்கேதான் இருக்கின்றன. வாசகர் அட்டைக்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்து, அடையாள அட்டையும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.