பி0171 கோடு: மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரை மாற்ற வேண்டுமா?

பி0171 என்பது, எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கு எரிபொருள் போதவில்லை என்று காரின் கணினி காட்டும் பிழைக் குறியீடு. அந்தக் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரை இப்போது மாற்ற வேண்டாம். ஐட்லிங்கில் ஃப்யூவல் ட்ரிம் (கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யும் அளவு) +19 சதவீதமாகவும் 2500 ஆர்பிஎம்மில் +4 ஆகவும் இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், சென்சாரைத் தாண்டிய ஏதோவோர் இடத்தில் அளக்கப்படாத காற்று உள்ளே நுழைகிறது என்றே தோன்றுகிறது.

சூடேற்றிய கம்பியைக் கடந்து செல்லும் காற்றை மட்டுமே அந்தச் சென்சார் கணக்கிடும். விரிசல் வழியே புகும் காற்று ஐட்லிங்கில் பெரும் பங்காகவும், வேகம் கூடும்போது சிறு பங்காகவும் ஆகிவிடுவதால்தான் ட்ரிம் இறங்குகிறது. கம்பியில் அழுக்குப் படிந்திருந்தால், பெரும்பாலும் லோடு ஏற ஏற ட்ரிமும் ஏறும்.

எஞ்சின் ஆறியபின், ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் பாடிவரை (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) செல்லும் ரப்பர் குழாயின் மடிப்புகளைக் கையால் விரித்துப் பாருங்கள். மேலே முழுதாகத் தெரியும் குழாய், அடிப்பக்க மடிப்பில் நகக்கீறல் போலப் பிளந்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிறகு பிசிவி குழாயையும் (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மீண்டும் உள்ளிழுக்கும் குழாய்) பிரேக் பூஸ்டர் குழாயையும் (பிரேக் மிதியை எளிதாக்கும் அமைப்புக்குச் செல்லும் குழாய்) பாருங்கள். ஒன்றும் தென்படாவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் புகையைச் செலுத்திக் கசிவைக் காணும் புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஓடும் எஞ்சின்மீது கிளீனர் ஸ்பிரே அடித்துத் தேடுவது தீப்பிடிக்கும் அபாயமுள்ளது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சாலையில் அதிக ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதும் ட்ரிம் உயர்ந்தால், காற்றுக் கசிவைத் தேடுவதை விட்டு எரிபொருள் அழுத்தத்தை முதலில் அளக்க வேண்டும்.