மஸ்கட்டில் ஊபர் வருமா, கார் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, மஸ்கட்டின் அல் குவைர் பகுதியில் கணக்கர் வேலை உறுதியாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். வாழ்த்துகள். சென்னையில் ஓலா, ஊபர் என்றே பழகிவிட்டதால், ஓமனிலும் அந்த மாதிரி வருமா, கார் இல்லாமல் காலம் தள்ள முடியுமா என்று கேட்கிறீர்கள். கூடவே, செயலி வந்துவிட்டால் மாலை நேரத்தில் கார் ஓட்டிக் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

முடியாது. ஓமனில் டாக்ஸி ஓட்டுவது ஓமானிகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட தொழில். செயலி வந்தாலும் அந்த விதி மாறவில்லை. உங்கள் விசா உங்கள் கம்பெனி வேலைக்கு மட்டும்தான். சொந்தக் காரில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவதை இங்கே நம்மவர்கள் கள்ள டாக்ஸி என்பார்கள். மஸ்கட்டின் ரூவி பகுதியில் அப்படி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நண்பர் அவர்களைப் பார்த்துச் சொல்லியிருப்பார். பிடிபட்டால் அபராதத்தோடு முடியும் என்று நினைக்காதீர்கள், நாட்டை விட்டு அனுப்புவது வரை போகலாம். விபத்து ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸும் கை கொடுக்காது. ஊரில் உங்கள் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பம் இருக்கும்போது அந்தப் பக்கமே போக வேண்டாம். அதில் பயணியாக ஏறுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

சரி, ஊபர் வருமா என்ற கேள்விக்கு வருவோம். வளைகுடாவில் செயலி டாக்ஸி எங்கே வந்தாலும் சென்னை மாதிரி வரவில்லை. துபாயில் ஊபர் 2013லேயே வந்தது, கரீம் என்ற செயலி அந்த ஊரிலேயே 2012ல் பிறந்தது. ஆனால் அங்கே அக்கம்பக்கத்தில் இருக்கிறவர் தன் காரை எடுத்துக்கொண்டு ஊபர் ஓட்ட முடியாது. வண்டிகள் லிமோசின் எனப்படும் சொகுசு வாடகைக் கார் கம்பெனிகளுடையவை, ஓட்டுகிறவர் அவற்றின் சம்பளக்காரர். கட்டணம் டாக்ஸியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று போக்குவரத்து ஆணையமே விதி வைத்தது. பிறகு அதே ஆணையம் கரீமோடு சேர்ந்து, சாதாரண டாக்ஸியைச் செயலியில் கூப்பிட 2019ல் ஹலா என்ற சேவையைக் கொண்டுவந்தது. சவுதியின் கதை வேறு. அந்த நாட்டு அரசு முதலீட்டு நிதி 2016ல் ஊபரில் 350 கோடி டாலர் போட்டது, சொந்தக் காரில் செயலிக்கு ஓட்டும் வேலையைச் சவுதிக் குடிமக்களுக்கு ஒதுக்கினார்கள். அப்புறம் கரீமையே ஊபர் 310 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. செயலி ஒன்றே என்றாலும், ஓட்டுநர் இருக்கை யாருக்கு என்பதை ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு ஏற்றபடிதான் முடிவு செய்தது.

ஓமன் எடுத்த முடிவு, அந்த இருக்கை ஓமானிக்கே என்பது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. நான் வந்த காலத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாக இருக்கும் டாக்ஸிதான் எல்லாம். வண்டி ஓட்டுநருக்குச் சொந்தம், பெரும்பாலும் கடன் போட்டு வாங்கியது. வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், பெரிய குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்கள், வேறு வேலை கிடைக்காத இளைஞர்கள் என்று பலருக்கு அதுதான் வருமானம். மலிவான கூலிக்கு வெளிநாட்டு ஓட்டுநர்களை இறக்கிவிட்டு வரும் செயலி அவர்களை ஒரே வருடத்தில் தெருவில் நிறுத்தியிருக்கும். அதனால்தான் இங்கே அரசு தயங்கித் தயங்கிக் கதவைத் திறந்தது.

திறந்த கதவு வழியாக வந்ததும் பெரும்பாலும் உள்ளூர்ச் செயலிகள்தான். ஓடாக்ஸி என்ற ஓமன் நிறுவனம்தான் நம்மவர்களிடம் அதிகம் புழங்குகிறது. யாங்கோ என்ற வெளிநாட்டுச் செயலியும் உரிமம் வாங்கி ஓடுகிறது. 2023 அக்டோபரிலிருந்து விமான நிலைய டாக்ஸிகளும் உரிமம் பெற்ற செயலிகள் வழியாகத்தான் ஓட வேண்டும் என்று போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்துவிட்டது. ஆகவே எந்தப் பெரிய பெயர் வரப்போகிறது என்று காத்திருக்க வேண்டியதில்லை. எது வந்தாலும் அமைச்சகத்தின் உரிமம் இருக்கும், ஓட்டுகிறவர் ஓமானியாக இருப்பார். கட்டணத்தை மட்டும் சென்னைக் கணக்கில் பார்க்காதீர்கள். ஒரு ரியால் நம் காசில் இருநூறு ரூபாய்க்கு மேல், ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா. நகருக்குள் நடுத்தரத் தூரத்துக்கே சில ரியால் போய்விடும். அலுவலகத்துக்குத் தினமும் இரண்டு வேளையும் செயலி டாக்ஸி என்றால் சம்பளத்தில் நல்ல பங்கை அதுவே விழுங்கிவிடும்.

செயலி வருவதற்கு முன் இருந்த முறை இன்றும் சாகவில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். மீட்டர் கிடையாது, ஏறுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். சாலையோரம் நின்றால் டாக்ஸி வந்து நிற்கும். மற்றவர்களோடு சேர்ந்து போனால் ஷேரிங், வண்டி முழுக்க உங்களுக்கு என்றால் எங்கேஜ். காலியாக வரும் டாக்ஸியில் எதுவும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தால் எங்கேஜ் என்றே எடுத்துக்கொள்வார்கள், இறங்கும்போது சண்டைதான் வரும். வெள்ளை நிறச் சிறு வேன் ஒன்று ஓடும், பைசா பஸ் என்பார்கள், அதுதான் இருப்பதிலேயே மலிவு. பழைய ஓட்டுநர்களில் பலூச்சி வம்சத்தவர் நிறையப் பேர், அவர்களோடு இந்தியில் பேசலாம். உங்களுக்கு அரைகுறை இந்தி போதும், அவர்கள் புரிந்துகொள்வார்கள். நல்ல மனிதர்கள். எனக்குத் தெரிந்த வரையில், வண்டியில் விட்ட பையைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தவர்கள்தான் அதிகம்.

செயலியின் உண்மையான பயன் கட்டணத்தில் இல்லை, வெயிலில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை திறந்தவெளியில் வேலை செய்கிறவர்களையே மதியம் 12.30 முதல் 3.30 வரை வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம். அந்த நேரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் சாலையோரம் நின்று டாக்ஸிக்குக் கை காட்டுவதை யோசித்துப் பாருங்கள். நானும் மனைவியும் பல வருடம் அப்படித்தான் நின்றோம். இப்போது வீட்டுக்குள் இருந்தபடி வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு இறங்கலாம். ஓட்டுநரின் பெயரும் வண்டி எண்ணும் கையில் இருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் நர்ஸ்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெண்களே ஓட்டும் மகளிர் டாக்ஸியும் 2022ல் வந்தது. நீங்கள் பின்னால் குடும்பத்தை அழைத்துவரப் போவதாகச் சொன்னதால் இதைக் குறித்து வையுங்கள்.

செயலி இருந்தாலும் வண்டி கிடைக்காத நேரங்கள் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரம், ரமலானில் நோன்பு திறக்கும் நேரம், இந்த இரண்டிலும் ஓட்டுநர்களும் வீட்டிலோ பள்ளிவாசலிலோ இருப்பார்கள். அந்த நேரத்தில் விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே கிளம்பிவிடுங்கள். முகவரி சொல்வதும் ஒரு பாடுதான். இங்கே தெருவுக்குப் பெயரைவிட வழி எண்தான் அதிகம், அதைச் சொன்னால் ஓட்டுநருக்கே புரியாது. வரைபடத்தில் இடத்தைச் சரியாகக் குறித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பெரிய கடையின் பெயரையும் சொல்லுங்கள்.

இனி கார். மஸ்கட் மலைக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகப் படுத்திருக்கிற ஊர். ஒரு முனையில் பழைய மஸ்கட், மத்ரா, ரூவி. மறுமுனையில் சீப், மபேலா. நடுவில் சுல்தான் கபூஸ் நெடுஞ்சாலை. அதனால் வீட்டை எங்கே எடுக்கிறீர்கள் என்பதுதான் கார் வேண்டுமா என்பதை முடிவு செய்யும். மபேலாவில் வாடகை குறைவு என்று யாராவது சொல்வார்கள். கார் இல்லாமல் அங்கே போகாதீர்கள். ரூவியில் எடுத்தால் நம் ஊர் மளிகை, இட்லி, தோசை எல்லாம் நடந்து எட்டும் தூரத்தில் கிடைக்கும். தார்சைட் பகுதியில் இருக்கும் இந்துக் கோயிலும் இந்தியப் பள்ளியும் பக்கம். முவாசலாத் என்ற அரசு நிறுவனத்தின் நகரப் பேருந்து 2015 நவம்பரில் தொடங்கியது, ரூவியிலிருந்து மபேலா வரை போகும் 1ஆம் எண் பஸ் அல் குவைர் வழியாகத்தான் போகும். குளிர்சாதன வண்டி, சுத்தமாக இருக்கும், சில நூறு பைசாதான் டிக்கெட். அல் குவைரிலேயே அலுவலகத்துக்குப் பக்கத்தில் அறை கிடைத்தால் இன்னும் நல்லது, வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

தனியாக இருக்கும் வரை பஸ், அவசரத்துக்குச் செயலி, இது போதும். ஆனால் லைசென்ஸ் வேலையை வந்த உடனே தொடங்கிவிடுங்கள். நம் ஊர் உரிமத்தைக் காட்டினால் நேராக மாற்றித் தரமாட்டார்கள். இங்கே பயிற்சி எடுத்து, தேர்வில் ஓட்டிக் காட்ட வேண்டும். டிரம்களுக்கு நடுவில் ரிவர்ஸ் எடுக்கும் டிரம் டெஸ்ட்டில் நம் ஊரில் பல வருடம் ஓட்டியவர்களே தோற்றுவிட்டு வருவார்கள். பயிற்சி மணிக்கணக்கில் காசு, இழுத்துக்கொண்டே போகும். குடும்பம் வருவதற்குள் லைசென்ஸ் கையில் இருந்தால், அதன்பிறகு பழைய கார் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பெட்ரோலுக்கு 2021 நவம்பரிலிருந்து அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, 95 ரகம் லிட்டர் 239 பைசா. குழந்தைகளோடு இருக்கும்போது கார் இங்கே ஆடம்பரம் இல்லை.

டாக்ஸியில் ஏறும்போது செயலி காட்டும் தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். அதில் கம்பெனிக்குக் கமிஷன், வண்டிக் கடன், பெட்ரோல் போக மீதிதான் அவர் வீட்டுக்குப் போகிறது. ஏறியதும் ஒரு ஸலாம் சொல்லுங்கள், முகமே மாறிவிடும்.

விமானம் இறங்கிய உடனே அங்கேயே ஒரு சிம் வாங்கி, செயலியை ஏற்றிவிட்டு வெளியே வாருங்கள். போகுமிடத்தைப் போட்டுத் தொகையைப் பார்த்த பிறகு வண்டியைக் கூப்பிடுங்கள். சில்லறையாக ஐந்து, ஆறு ரியாலும் கையில் இருக்கட்டும். கம்பெனி அறை எந்தப் பகுதியில் என்று தெரிந்ததும் எழுதுங்கள், அங்கிருந்து எந்த நிறுத்தத்தில் பஸ் ஏறுவது என்று சொல்கிறேன்.