பூனைக்குக் கமோடு பழக்கும் தட்டு: வாங்கும் முன் சில கேள்விகள்

பூனையின் கழிப்பிடம் தொடர்பாக வடசென்னை வாசகர்கள் அனுப்பிய நான்கு கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறேன்.

கேள்வி: தண்டையார்பேட்டையில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கிறோம். ஒன்றரை வயதில் ஒரு பெண் பூனை இருக்கிறது. பால்கனியில் மணல் தொட்டி வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் நாற்றம் தாங்கவில்லை. கமோடின் மேல் பொருத்தும் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை இணையத்தில் 1,899 ரூபாய்க்கு விற்கிறார்கள். எட்டு வாரத்தில் பூனை கமோடிலேயே போகப் பழகிவிடும், அதன் பிறகு மணலே தேவையில்லை என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இந்தத் தட்டு கமோடின் விளிம்புக்கும் நாம் உட்காரும் வளையத்துக்கும் இடையில் அமர்வது. முதலில் முழுத் தட்டிலும் மணலைப் பரப்பிப் பூனையை அதில் பழக்குவார்கள். சில நாள் கழித்து நடுவிலுள்ள சிறிய வட்டத்தைப் பெயர்த்தெடுப்பார்கள். பிறகு அதைச் சுற்றியுள்ள வளையம், பிறகு அடுத்தது என்று துளை பெரிதாகிக்கொண்டே போய், முடிவில் தட்டே இல்லாமல் பூனை நான்கு கால்களையும் விளிம்பில் ஊன்றி நிற்க வேண்டும். சில பூனைகள் இதைக் கற்றுக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் கற்றுக்கொண்ட பூனைக்கும், அதை வளர்ப்பவருக்கும் அதனால் நன்மையா என்பதைத்தான் விளம்பரம் சொல்வதில்லை.

வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப்பூனை. தளர்ந்த மண்ணைத் தோண்டிக் கழித்து, முகர்ந்து பார்த்து மூடிவிட்டுப் போகும் பழக்கம் அதனிடமிருந்து வந்தது. உங்கள் பூனை தொட்டியில் இறங்கும்போது ஒரு நாள் அருகில் நின்று கவனியுங்கள். முன்னங்காலால் ஒரு மூலையைத் தோண்டும், திருப்தி இல்லையென்றால் அதை விட்டு வேறிடம் தோண்டும், பின்னங்கால்களை அகட்டி அமரும், எழுந்ததும் திரும்பி முகரும், பிறகு மணலை இழுத்து மூடும். கமோடுக்குப் பழக்கப்பட்ட பூனையும் இந்தச் செயலை விடுவதில்லை. காரியம் முடிந்த பிறகு வழவழப்பான பிளாஸ்டிக் வளையத்தை வெறுமனே பிறாண்டிக்கொண்டிருக்கும். கால் வழுக்கி ஒரே ஒரு முறை தண்ணீரில் விழுந்தாலும் போதும், அந்தப் பக்கமே போகாமல் கட்டில் மெத்தையையோ துணிக் கூடையையோ தேடிக்கொள்ளும். வயதாகி மூட்டு வலி வரும் காலத்தில் கமோடின் உயரத்துக்குத் தாவுவதும் அதனால் முடியாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை உடல்நலம் பற்றியது. கட்டியாகும் வகை மணலில் சிறுநீர் திரண்டு நிற்பதால், நேற்று மூன்று கட்டி இருந்தது, இன்று ஒன்றுமில்லை என்பது அள்ளும்போதே தெரிந்துவிடும். கமோடில் எல்லாம் தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகும். வயதான பூனைக்குச் சிறுநீரகம் பழுதாகும்போது முதலில் கூடுவது சிறுநீரின் அளவுதான். இவ்விரண்டையும் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே இடத்தை நாமே காசு கொடுத்து மூடிவிடக் கூடாது. பூனை அடிக்கடி தொட்டிக்குப் போய் முக்கிவிட்டுச் சொட்டும் இல்லாமல் திரும்பினால் மறுநாள் வரை காத்திருக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ உடனே தூக்கிச் செல்லுங்கள்.

ஒரே கழிப்பறை உள்ள வீட்டில் இதற்கு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கதவும் மூடியும் இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும். காலை நேரத்தில் ஆள் உள்ளே இருந்தால் பூனைக்கு வேறு இடமில்லை. பூனை தானாகத் தண்ணீர் ஊற்றப் போவதில்லை என்பதால், நீங்கள் வேலைக்குப் போய்த் திரும்பும் வரை எல்லாம் அப்படியே கிடக்கும். மூடப்படாத மலம் என்பதால் நாற்றம் தொட்டியைவிடக் கூடுதலாகவே இருக்கும். மேலும், பூனை மலத்தில் இருக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் சாதாரணக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் முழுவதும் அழிவதில்லை. கலிபோர்னியாவில் கடல் நீர்நாய்களை இந்த ஒட்டுண்ணி தாக்கியதால், பூனைக் கழிவைக் கழிப்பறையில் கொட்ட வேண்டாம் என்ற அறிவுரையை மணல் பொட்டலங்களில் அச்சிட வேண்டும் என்று 2006-இல் அங்கே சட்டமே இயற்றினார்கள். நம் பக்கத்துக் கழிவுநீரும் கொடுங்கையூர் நிலையத்துக்குப் போகிறதே தவிர, காற்றில் மறைந்துவிடுவதில்லை.

உங்களுடைய உண்மையான பிரச்சினை நாற்றம். அதற்கு 1,899 ரூபாய் தேவையில்லை. பால்கனியில் சாரல் பட்டு மணல் ஈரமாவதே மழைக்கால நாற்றத்துக்கு முதற்காரணமாக இருக்கும். தொட்டியை உள்ளே, காற்றோட்டமுள்ள, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலைக்கு நாளுக்கு ஓரிரு அடியாக நகர்த்திக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் இடம் மாற்றினால் பூனை குழம்பும். உணவுத் தட்டின் அருகிலும், சத்தமிடும் வாஷிங் மெஷின் அருகிலும் வைக்க வேண்டாம். தொட்டியின் அளவையும் பாருங்கள்: பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். பூனைக்கென்று விற்கும் தட்டுகளில் பல இந்த அளவுக்கு வருவதில்லை. பாரிமுனையில் மொத்த விலைக் கடைகளில் கிடைக்கும் நீள்சதுரப் பிளாஸ்டிக் டப் விலையிலும் குறைவு, இடமும் தாராளம். பூனை முன்னங்கால்களை விளிம்பில் வைத்துக்கொண்டு கழித்தாலோ, மணலை விட்டுத் தொட்டியின் சுவரைச் சுரண்டினாலோ தொட்டி சிறியதாக இருக்கிறது, அல்லது மணல் பிடிக்கவில்லை என்று கொள்ளலாம். காலையும் மாலையும் அள்ளிவிட்டால் பாதி நாற்றம் அன்றே குறையும்.

கேள்வி: வியாசர்பாடியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். மேலே சொன்னதுபோன்ற தட்டு ஒன்றை இணையச் சந்தை ஒன்றில் வாங்கினேன். "எல்லா வகைக் கழிப்பறைக்கும் பொருந்தும், பழகாவிட்டால் பணம் வாபஸ்" என்று போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் இருப்பது தரையோடு பதித்த இந்தியன் டாய்லெட். தட்டு அதில் நிற்கவே இல்லை. திருப்பி அனுப்பக் கேட்டால், "பிரித்துவிட்ட சுகாதாரப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார் விற்பனையாளர். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. பிரித்துப் பார்க்காமல் பொருந்துகிறதா என்று அறிய வழியில்லை. எனவே பிரித்துவிட்டீர்கள் என்ற காரணம் இங்கே நிற்காது.

ஆனால் உங்கள் புகாரில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன, அவற்றைப் பிரித்து எழுதுங்கள். "எல்லா வகைக்கும் பொருந்தும்" என்றது பொய் என்பதை ஓர் அளவு நாடாவை வைத்து எடுத்த புகைப்படமே காட்டிவிடும். "பழகாவிட்டால் பணம் வாபஸ்" என்பது அப்படியல்ல. நீங்கள் சரியாகப் பழக்கவில்லை என்று அவர் வாதாட இடமுண்டு, நிபந்தனைகளும் எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும். ஆகவே முதலாவதையே முன்வைத்து, இரண்டாவதைத் துணைக்கு மட்டும் குறிப்பிடுங்கள். விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்துவையுங்கள். புகார் போனவுடன் அந்த வரி காணாமல் போய்விடக்கூடும். பில், பொட்டலத்தின் மேலுள்ள இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், விற்பனையாளர் மறுத்து எழுதிய செய்தி ஆகியவற்றையும் சேர்த்து, அந்த இணையச் சந்தையின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது அவர் கடமை.

அதிலும் நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இந்தத் தொகைக்கு இதுவே ஏற்ற வழி. அதற்கும் அசையவில்லையென்றால் பார்க் டவுனில் உள்ள சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். விற்பனையாளர் வேறு மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். சிறிய தொகைதானே என்று பலரும் விட்டுவிடுவதை நம்பியே இப்படிப்பட்ட விளம்பரங்கள் ஓடுகின்றன. நீங்கள் விட்டுவிட வேண்டாம்.

பூனையைப் பொறுத்தவரை, இந்தியன் டாய்லெட்டில் எந்தப் பயிற்சியும் முயல வேண்டாம். வழுக்கும் பீங்கான், ஈரத் தரை, அதன் மேல் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் என்றிருக்கும் இடம் அது. பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கியே தீரும்.

கேள்வி: ராயபுரத்தில் இருக்கிறோம். காசிமேட்டுப் பக்கத்திலிருந்து கடல் மணல் கொண்டுவந்து பூனைத் தொட்டியில் போடுகிறோம். கடையில் விற்கும் கேட் லிட்டர் வகைகளில் எதை வாங்குவது என்று தெரியவில்லை. மருமகள் கர்ப்பமாக இருப்பதால் பூனையையே வெளியேற்றச் சொல்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: பூனையை வெளியேற்ற வேண்டியதில்லை; கடல் மணலை நிறுத்த வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சாது, கட்டியாகாது, சிறுநீர் அடியில் போய்த் தேங்கும். வெளியே தெருப்பூனைகள் கழித்த மணலாகவும் அது இருக்கக்கூடும்.

கருவிலுள்ள குழந்தையைத் தாக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி பற்றிய அச்சம் காரணமற்றது அல்ல, ஆனால் அளவறிந்து அஞ்ச வேண்டும். பூனை பெரும்பாலும் முதன்முறை தொற்றும்போது மட்டும், ஒன்று முதல் மூன்று வாரம் வரை, இதன் முட்டைகளை வெளியேற்றும். வெளியேறிய முட்டை தொற்றக்கூடிய நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே தொட்டியை நாள்தோறும் சுத்தம் செய்வதே பெரும் பாதுகாப்பு; அந்த வேலையைக் குழந்தை பிறக்கும் வரை வீட்டிலுள்ள வேறொருவர் செய்ய வேண்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், எலி பிடிக்க வெளியே விடாதீர்கள். சரியாக வேகாத இறைச்சியாலும் கழுவாத கீரையாலும் இது மனிதருக்குத் தொற்றும் என்பதையும் உறவினர்களுக்குச் சொல்லுங்கள். மருமகளைக் கவனிக்கும் மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதைத் தெரிவித்துவிடுவது நல்லது.

வகைகளில், குஜராத்தின் கட்ச் பகுதியில் வெட்டியெடுக்கும் பெண்டோனைட் களிமண் பரவலாகக் கிடைக்கிறது. ஈரம் பட்ட இடம் மட்டும் கட்டியாவதால் அள்ளுவது எளிது, பூனைகளும் விரும்புகின்றன. முதலில் இதையே வாங்குங்கள். நறுமணம் சேர்க்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் நமக்கு மணப்பது பூனைக்குத் தொல்லை. தொட்டியில் 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் இதைத் தின்றுவிடக்கூடும் என்பதால் அவற்றுக்கு மரத்தூளை அழுத்திச் செய்த குச்சி வகை போதும். சோயாச் சக்கையில் செய்யும் டோஃபு வகையில் தூசு குறைவு. ஆனால் கடற்கரையோர ஈரக்காற்றில் பிரித்த பொட்டலம் பூசணம் பிடிக்கும், இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வைக்க முடிந்தால் மட்டும் வாங்கலாம். ஒரு வகை கிலோவிலும் இன்னொரு வகை லிட்டரிலும் விற்கப்படுவதால், அட்டையிலுள்ள எண்ணை மட்டும் வைத்து விலையை ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். ஒரு பொட்டலம் உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்பதே சரியான கணக்கு. மர அறுவைப் பட்டறையில் தூள் வாங்குவதானால், பிளைவுட் தூள் கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள்.

பெண்டோனைட்டைக் கழிப்பறையில் கொட்டவே கூடாது. தண்ணீரில் ஊறிப் பருத்து, மாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் பொதுவான குழாயை அடைத்துவிடும். உறையில் இட்டு இறுகக் கட்டி, தூய்மைப் பணியாளர் கையால் தொட நேராதபடி தனியே கொடுங்கள். தொட்டியைக் கழுவ பினாயிலைப் பயன்படுத்தாதீர்கள். பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. சிறுநீரின் மேல் பிளீச்சிங் பவுடர் தூவினால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும். சாதாரணச் சோப்பும் வெந்நீரும் போதும்.

கேள்வி: தானாகவே சுத்தம் செய்துகொள்ளும் மின்சாரத் தொட்டி 28,000 ரூபாய் என்கிறார்கள். திருவொற்றியூரில் இருக்கும் எங்களுக்கு இரண்டு பூனைகள். பயன்படுமா?

பதில்: மூன்று பெரிய டப்களை வாங்கி வெவ்வேறு இடங்களில் வையுங்கள், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகத் தொட்டி இருக்க வேண்டும் என்பதே கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு, ஒரு இயந்திரம் அதற்கு ஈடாகாது. அப்படியும் வாங்குவதென்றால், பூனை உள்ளே இருக்கும்போது, சுத்தம் செய்யச் சுழலும் உருளை நின்றுவிடும் சென்சார் இருக்கிறதா என்று கடையிலேயே கையை நீட்டிச் சோதித்துப் பாருங்கள். மலிவான மாதிரிகளில் பூனைகள் சிக்கி இறந்த செய்திகள் வெளிநாடுகளில் வந்திருக்கின்றன. குறைந்தபட்ச எடைக்குக் கீழ் உள்ள குட்டியைச் சென்சார் உணராமல் போகலாம். இறக்குமதியாளர் முகவரியும், சென்னையில் பழுது பார்க்கும் இடமும் எழுத்தில் இல்லையென்றால், விலை பாதியானாலும் வாங்காதீர்கள்.